நிழற்படமும் நண்பர் மதிப்புரையும்

மாணவர் கையில் காமிரா அரும்பொருளாக இருந்த காலம் ஒன்றுண்டு. இன்றோ, கைப்பேசி வைத்திருப்பார் அனைவரும் நிழற்படம் எடுப்பாரே ஆவர். விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் மாணவன் ஒருவன், தான் எடுத்த படம் ஒன்றைத் தன் அறைத் தோழனிடம் காட்டி, "இஃது எப்படி இருக்கின்றது?" என்று வினவுகின்றான். தோழன், "நன்றாய் இருக்கின்றது" என்கின்றான். அன்றேல், "அவ்வளவு நன்றாயில்லை" என்கின்றான். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகின்றது. இவ்விரு விடைகளுள் எதுவும் வினவியவனுக்குப் பயன்படுவதன்று. முன்னது அவனை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகின்றது. பின்னது, எவ்வழிச் செல்வதென்று காட்டாமலே அவனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றது. தொழிலாகவன்றி விருப்பத்தினால் படம் எடுப்போர், தம்முள் ஒருவர் படத்தைப் பற்றி மற்றொருவர் பயன்படக் கருத்துரைக்கும் முறை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முன்னோர் இத்தகைய ஆராய்ச்சியை அறியாதவரல்லர். புலவர் தாம் இயற்றிய நூலைக் கற்றோர் அவையில் அரங்கேற்றுதல் பண்டை வழக்கம். நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய குற்றம் பத்தென வகுத்தார். அம்மட்டில் நில்லாது, அழகும் பத்தென வகுத்தார். குற்றத்தின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நூலை நோக்குவார்க்கு நூலின் பாதியே புலனாகும் அன்றோ? அப்பத்துக் குற்றங்களுட் சில நிழற்படத்திற்கும் பொருந்தி நிற்றலைக் காணலாம். வேண்டாத பொருள்கள் பல படத்துள் நெருங்கிக் கிடப்பின் அது மிகைபடக் கூறல். கண் எங்குச் செல்வதென்று அறியாது அலையுமாயின் அது மயங்கவைத்தல். ஒரு முகத்தைக் காட்ட வந்த படத்திற் பின்னே தொங்கும் விளம்பரப் பலகை முந்தி நின்று கண்ணைப் பறிக்குமாயின் அது மற்றொன்று விரித்தல். அவ்வாறே, சுருங்கச் சொல்லலும் விளங்கவைத்தலும் நூலுக்கு அழகாதல் போலப் படத்திற்கும் அழகேயாம்.

1. யான் செய்த பிழை

முறையைக் கூறுமுன் முறைகேடு ஒன்றைக் கூறுதல் வேண்டும். அது யானே செய்தது. 1991-ஆம் ஆண்டில் யான் மாணவனாயிருந்தபோது, நிழற்படத்தில் ஆர்வமுடையார் எண்மர் சனிக்கிழமைதோறும் மாலையில் ஓர் அறையிற் கூடுவோம். அந்நாளில் எம்மிடமிருந்த காமிராக்களிற் பிலிம்ச் சுருள் ஒன்றில் 36 படங்களே எடுக்கலாகும். சுருளின் விலையும் அதனைக் கழுவும் கூலியும் மாணவர்க்குப் பெரிது. ஆதலின் ஒவ்வொருவரும் மாதத்திற்கு ஒன்றிரண்டு படங்களையே அச்சிட்டுக் கொணர்வர்.

எம்முள் ஒருவர் பனங்காடு சூழ்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் ஒருநாள், தம் பாட்டியார் வாயிற்படியில் அமர்ந்து பனையோலைப் பெட்டி முடைவதைப் படமெடுத்துக் கொணர்ந்தார். வாயிலின் வெளியே உச்சி வெயில். காமிரா இருந்ததோ வீட்டினுள்ளே. அதனாற் பாட்டியாரின் முகம் முழுதும் இருண்டு கிடந்தது. யான் படத்தைக் கையில் வாங்கியவுடனே, "என்ன ஐயா, பாட்டி முகத்தில் கரியைப் பூசிவிட்டா படம் எடுத்தீர்?" என்றேன். அறையிலிருந்தார் அனைவரும் நகைத்தனர். அவரும் நகைத்தார். பின்பு படத்தை உறையிலிட்டு எடுத்துச் சென்றார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதன்பின் எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை.

யான் கூறியது பொய்யன்று. முகம் இருண்டிருந்தது உண்மையே. ஆயினும் யான் செய்த பிழைகள் மூன்று. படத்தை ஓரிமைப் பொழுதே பார்த்தேன்; அவர் எதனைக் காட்ட விரும்பினார் என்று வினவினேனில்லை; இருளை நீக்கும் வழியையும் சொன்னேனில்லை. வழி அறியாதவனும் அல்லேன். ஆளின் பின்னே பேரொளி இருப்பின், காமிராவின் ஒளிமானி அப்பேரொளியையே பெரிதும் அளந்து ஏமாறும். ஆளின் அருகே சென்று முகத்தின் ஒளியை அளந்தாலும், ஒளி விழும் நேரத்தை இருமடங்கோ நான்மடங்கோ கூட்டினாலும் முகம் தெளிந்து தோன்றும். இவ்வளவையும் இரண்டு வாக்கியங்களிற் சொல்லியிருக்கலாம். அவற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கேலியைச் சொன்னேன்.

2. வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகள்

பிறர் கூறும் கருத்து ஒருவரைத் தளர்விக்கவும் வளர்க்கவும் வல்லதாதலை நிழற்படக் கலையின் வரலாற்றிலேயே காணலாம். 1815-இற் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரூன் அம்மையார், இங்கிலாந்தைச் சார்ந்த வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அவருடைய மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. அவர் கோழிகள் அடைத்திருந்த கண்ணாடிக் கொட்டகையைப் படமெடுக்கும் கூடமாகவும், கரி குவித்திருந்த அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டின்மீது மருந்து பூசி, அஃது ஈரம் உலருமுன்னே படம் எடுத்துக் கழுவ வேண்டிய முறையே அக்காலத்து முறை. அவர்முன் அமர்ந்தவர் நிமிஷக் கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும்.

அவர் எடுத்த முகங்கள் படத்தை நிறைத்து நின்றன. ஓரங்கள் கூர்மையின்றிப் பனி படர்ந்தாற்போல் மென்மையாயிருந்தன. 1853-இல் லண்டனில் நிறுவப்பெற்ற நிழற்படச் சங்கத்தின் பத்திரிகை அவற்றைக் கடுமையாகக் கண்டித்தது. படங்கள் போக்கஸ் இழந்தன என்றும், செய்முறை ஒழுங்கற்றது என்றும் அக்காலத்துத் திறனாய்வாளர் கூறினர். தகடுகளிற் கறையும் கீறலும் இருந்தது மெய்யே. ஆனால் அம்மென்மை தவறி வந்ததா, விரும்பி நிறுத்தியதா என்று அவர்கள் கேட்கவில்லை. போக்கஸைத் திருப்பி வரும்போது தம் கண்ணுக்கு அழகெனத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவதாக அம்மையார் பின்னர் எழுதினார். அக்கண்டனத்தின் தகுதி இவ்வளவே என்று தாம் மதிப்பிட்டு அறிந்திராவிடில் மிகவும் தளர்ந்திருக்கக்கூடும் என்றும் 1874-இல் எழுதிய தம் நினைவுக் குறிப்பிற் கூறியுள்ளார். அவ்வளவு உறுதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம் முன் படத்தை நீட்டும் பதினெட்டு வயது மாணவனுக்கு அஃது உண்டென்று கருதி நாம் பேசலாகாது.

அவர்க்கு வேறு வகையான கருத்துரையும் கிடைத்தது. வானநூல் வல்லுநராகிய ஸர் ஜான் ஹெர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். நிழற்படத்தை நிலைபெறச் செய்யும் ஹைப்போ உப்பின் தன்மையைக் கண்டறிந்தவரும் அவரே. அம்மையார் அனுப்பிய ஒரு பெண்ணின் படத்தை நோக்கிய அவர், அத்தலை உயிருடையதுபோலக் காகிதத்தைவிட்டு வெளியே நீண்டு வருகின்றது என்ற கருத்துப்பட எழுதினார். இஃது "அழகு" என்னும் வெற்றுச் சொல் அன்று. படத்தில் எது தம் கண்ணைப் பற்றியது, அது தம்மை என் செய்தது என்பதை இடஞ்சுட்டிக் கூறிய உரை. புகழுரையே ஆயினும், இனியும் எதனைத் தொடர்ந்து செய்யவேண்டும் என்பதை எடுத்தவர்க்கு அது தெரிவித்துவிடுகின்றது. காமரூன் அம்மையார் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஊராரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879-இல் அத்தீவிலேயே காலமானார்.

மற்றொரு சான்று 1887-ஆம் ஆண்டைச் சார்ந்தது. பெர்லினிற் பயின்றுகொண்டிருந்த ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் 23 வயது இளைஞர், இத்தாலி நாட்டுச் சிறுவர் சிலர் கூடி நகைத்து நிற்கும் படம் ஒன்றை லண்டன் பத்திரிகையொன்று நடத்திய போட்டிக்கு அனுப்பினார். நடுவராயிருந்தவர் பீட்டர் ஹென்றி எமர்ஸன். அவர் முதற்பரிசை அதற்கு அளித்ததோடு, வந்த படங்களுள் இயல்பாக அமைந்தது அஃது ஒன்றே என்றும் காரணங் கூறினார். பரிசைவிட அக்காரணமே பெரும் பயன் தந்தது என்று கருதலாம். ஏனெனில் பரிசு முடிந்த செயலுக்கு உரியது, காரணமோ இனிச் செய்வதற்கு உரியது. அவ்விளைஞர் பிற்காலத்தில் 1903 முதல் 1917 வரை "காமிரா ஒர்க்" என்னும் இதழை நடத்திப் பிறர் படங்களை உலகறியச் செய்தார்.

3. நோக்கும் முறை

இனி முறையைக் கூறுவாம். மாணவர் ஒருவர் மணப்பாட்டுக் கடற்கரையில் எடுத்த படம் ஒன்றைக் காட்டுகின்றார் என்று கொள்வோம். வலையை மணலில் விரித்து உலர்த்தும் ஒருவர், பின்னே கடல், கடற்கோடு இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கின்றது, வலைஞரின் தலையிலிருந்து முளைத்ததுபோல ஒரு கம்பம் நிற்கின்றது.

முதலாவது, பேசாமற் பார்த்தல். மெதுவாக முப்பது எண்ணும் வரையில் வாய் திறவாதிருப்பின் பெரும்பாலான தவறுகள் ஒழியும். முதற் பார்வையில் தோன்றுவது பெரும்பாலும் குற்றமே. குணம் சற்றுத் தாமதித்தே வெளிப்படும்.

இரண்டாவது, கண்டதைக் கண்டவாறு கூறுதல். "முதலில் என் கண் அவர் கையிற் பட்டது, பின் வலையின் வழியே கடலுக்குச் சென்றது, அங்கிருந்து இடப்பக்கமாகச் சரிந்து படத்திற்கு வெளியே போய்விட்டது" என்று கூறுக. இதிற் புகழுமில்லை, இகழுமில்லை. ஆயினும் தம் படம் பிறர் கண்ணை எவ்வழி நடத்துகின்றது என்பதை எடுத்தவர் இப்போதுதான் அறிகின்றார். தம் படத்தைத் தாமே நோக்கும்போது அவர் அன்றைய காற்றையும் வெயிலையும் சேர்த்தே காண்கின்றார். நாமோ தாளிலுள்ளதை மட்டுமே காண்கின்றோம். நம்மால் அவர்க்குத் தரக்கூடிய முதற்பொருள் அதுவே.

மூன்றாவது, கருத்தை வினவுதல். "எதனைக் காட்ட விரும்பினீர்?" என்று கேட்பின், "அவர் கைவிரல்களின் வேகத்தை" என்று ஒருவர் கூறலாம், "கடற்கரையின் வெறுமையை" என்று மற்றொருவர் கூறலாம். முன்னவர்க்கு, "இன்னும் நாலடி அருகே செல்க" என்பது நல்லுரை; பின்னவர்க்கு அதே உரை கேடு. நோக்கம் அறியாமற் கூறும் திருத்தம், நோயாளியைப் பாராமல் எழுதிய மருந்துச் சீட்டை ஒக்கும்.

நான்காவது, குணத்தை இடஞ்சுட்டிக் கூறுதல். "வலையின் நிழல் மணலில் விழுந்த இடம் நன்று, வெயில் சாய்ந்த வேளையைத் தேர்ந்தமையால் அது கிடைத்தது" என்பதுபோலக் காரணத்தோடு கூறுக. பொய்யாகப் புகழ்தல் வேண்டா. பொய்ப்புகழை இரண்டாம் முறை எவரும் நம்பார்; அதன்பின் நாம் கூறும் மெய்ப்புகழும் மதிப்பிழக்கும்.

ஐந்தாவது, குற்றத்தை வழியோடு கூறுதல். "பின்னணி சரியில்லை" என்பது தீர்ப்பு. "ஓரடி வலப்புறம் நகர்ந்து நின்றிருப்பின் கம்பம் தலையை விட்டு விலகியிருக்கும்" என்பது உதவி. ஒரே அமர்வில் ஒன்பது குற்றங்களை அடுக்குதலும் ஆகாது. எதனைத் திருத்தினாற் படம் மிகுதியும் உயருமோ அதனை ஒன்றாகவோ இரண்டாகவோ தேர்ந்து கூறுக.

4. குற்றங்களை வகைப்படுத்தல்

குற்றங்கள் மூவகைப்படும். இவ்வகைகளை மயக்கிக் கூறுதலாலேயே மனக்கசப்பு மிகுதியும் விளைகின்றது.

முதல் வகை, எடுத்த படத்திலேயே இப்போதே திருத்தத்தக்கவை. சரிந்த கடற்கோடு, ஓரத்தில் நுழைந்த வேண்டாத பொருள், சிறிதளவு இருள் என்பன இவ்வகையின. அச்சிட்ட படமாயின் கெட்டி அட்டையில் "ட" என்னும் எழுத்தின் வடிவாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றோடு சேர்த்துச் சட்டம்போல் அமைத்துப் படத்தின்மேல் வைத்து நகர்த்துக. எவ்வளவு வைத்து எவ்வளவு நீக்கலாம் என்பது கண்கூடாகத் தெரியும். சொல்லால் அரைமணி வாதிப்பதினும் இவ்விரண்டு அட்டைகள் விரைவில் முடிவு கூறும்.

இரண்டாம் வகை, அடுத்த முறையே திருத்தத்தக்கவை. படம் தெளிவாக இல்லை என்று கூறினால் மட்டும் போதாது. தெளிவின்மையின் காரணம் மூன்றனுள் எதுவென்று ஆராய்தல் வேண்டும். படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருப்பின் கை நடுங்கியது. ஆள் மங்கி, அவர்க்கு முன்னோ பின்னோ உள்ள பொருள் கூர்மையாயிருப்பின் போக்கஸ் தவறியது. அசையாப் பொருள்கள் கூர்மையாயிருக்க, அசைந்த கைமட்டும் கலங்கியிருப்பின் ஷட்டரின் வேகம் போதவில்லை. முதலதற்குத் தூணிற் சாய்ந்து நிற்றலும், இரண்டாவதற்குக் கண்ணின்மேற் போக்கஸ் வைத்தலும், மூன்றாவதற்கு 1/60 விநாடியை விட்டு 1/250 விநாடிக்கு மாறுதலும் மருந்தாகும். அவ்வாறு மாறும்போது ஒளி நான்கிலொன்றாகக் குறைதலால், லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்குதலும் வேண்டும் என்பதைச் சேர்த்துக் கூறுக. கலங்கிய கையையே எடுத்தவர் விரும்பியிருத்தலும் கூடும். ஆதலால் இங்கும் வினவியே உரைக்க.

மூன்றாம் வகை, குற்றமே அல்லாதவை. நம் சுவைக்கு மாறுபட்டவை. கறுப்பு வெள்ளையை விரும்பும் ஒருவர்க்கு வண்ணப்படம் மிகையாகத் தோன்றும். மலர்களை எடுப்பார்க்குத் தெருக்காட்சி சலிப்பைத் தரும். இவற்றைக் கூறலாகாது என்பதில்லை. "இஃது என் விருப்பம்" என்று முகவுரையிட்டுக் கூறுக. விருப்பத்தை விதியாக்கிப் பேசுவார் சபையில், எல்லாரும் ஒருவரையே பின்பற்றி ஒரே படத்தை எடுக்கத் தொடங்கிவிடுவர்.

5. கேட்போர் கடமை

கருத்துரைப்பார்க்கு மட்டுமன்றிக் கேட்பார்க்கும் கடமை உண்டு. இருபது படங்களை ஒருங்கே நீட்டி, "பாருங்கள்" என்னலாகாது. தாமே தேர்ந்த ஒன்றிரண்டைக் காட்டுக. தேர்தலே பாதிக் கல்வி. "எப்படி இருக்கின்றது?" என்பதை விட்டு, "முகம் போதிய ஒளியோடு உள்ளதா? இடப்பக்கம் வெறிதாகத் தோன்றுகின்றதா?" என்று வினவின் விடையும் திருத்தமாக வரும். பிறர் பேசும்போது இடைமறித்து, "அன்று மழை, பின்னே சுவர், நகர இடமில்லை" என்று காரணங் காட்டற்க. படம் தனியே செல்லுமிடங்களில் அதன் பின்னே நாம் சென்று காரணங் கூற இயலாது. கேட்ட கருத்து அனைத்தையும் ஏற்கவேண்டுமென்பதும் இல்லை. மூவர் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டுவாராயின் அங்கே ஏதோ உளது என்று மட்டும் குறித்துக்கொள்க.

இங்கிலாந்தில் நிழற்பட ஆர்வலர் சிலர் அஞ்சல்வழிக் குழுக்கள் அமைத்துக்கொண்டு, படங்களை ஒரு பெட்டியிலிட்டு ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு அனுப்புதல் வழக்கம். பெட்டி வந்தவுடன் ஒவ்வொருவரும் பிறர் படங்களைப் பற்றிய தம் கருத்தைத் தாளில் எழுதிச் சேர்த்து அடுத்தவர்க்கு அனுப்புவர். பெட்டி சுற்றி வரும்போது தம் படத்தோடு நண்பர் பலருடைய எழுத்தும் கைக்கு வந்து சேரும். எழுதும்போது சிந்தனை ஊன்றுகின்றது; கேலி குறைகின்றது. நம் மாணவர் கூட்டங்களிலும், வாய்மொழிக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதித் தருதல் என்னும் வழக்கத்தை மேற்கொள்ளின் நலமாம்.

முடிவாக, பனங்காட்டு நண்பரின் செய்தியைச் சொல்லி நிறுத்துவேன். 2003-இல் ஒரு திருமண வீட்டில் அவரைத் தற்செயலாகக் கண்டேன். பேச்சுக்கிடையில் அப்படத்தை நினைவூட்டிப் பொறுத்தருள வேண்டினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நான் முகத்தை எடுக்கவில்லை. பாட்டியின் கையைத்தான் எடுத்தேன். எடுக்கத் தெரியவில்லை" என்றார். மறுவாரம் அவர் வீட்டிற்குச் சென்றேன். பழைய உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். அன்று யான் பாராததை இன்று பார்த்தேன். வாயிலின் வெயில் பாட்டியாரின் இரு கைகளின்மேலும், அவற்றிடையே வளைந்த வெண்குருத்தோலையின்மேலும் நேரே விழுந்திருந்தது. ஓலையின் ஒவ்வொரு நரம்பும் தெளிவாயிருந்தது. அட்டையில் இரண்டு "ட" வெட்டிப் படத்தின்மேல் வைத்தோம். இருண்ட முகம் சட்டத்திற்கு வெளியே போயிற்று; கைகளும் ஓலையும் நின்றன. "இதைத்தான், இதைத்தான்" என்றார் அவர்.

"இன்னும் அருகே சென்று மறுபடியும் எடுத்திருக்கலாமே" என்று யான் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பாட்டியார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று மாலையே அப்பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிடக் கொடுத்தோம். அது இப்போது அவர் வீட்டு முன்கூடத்தில் இருக்கின்றது. 1991-இல் அவ்வறையில் யான் சொல்லியிருக்க வேண்டிய கருத்து பன்னிரண்டு ஆண்டு பிந்தியே அவரை அடைந்தது. மாணவ நண்பர்களே, நும் தோழர் நாளை ஒரு படத்தை நும்மிடம் நீட்டும்போது, முப்பது எண்ணுக, பின்பு பேசுக.